தோற்றவர் பெயர் தாங்கிய திறப்பு



புறப்பாட நேரத்தில் சதுரங்கக் கழக மாணவர்களுக்கு நான் பல ஆண்டுகளாக ஒரு கதையைச் சொல்லி வந்தேன். விடாமுயற்சிக்கும் பொறுமைக்கும் அது நல்லதோர் எடுத்துக்காட்டு என்பது என் எண்ணம். சுருக்கமாகச் சொன்னால் கதை இதுதான்: பிராங்க் மார்ஷல் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர், 1909ஆம் ஆண்டில் கபபிளாங்கா என்னும் இளைஞரிடம் படுதோல்வி அடைந்தார். அவரை வீழ்த்துவதற்கென்றே ஒரு புதிய தாக்குதலை இரகசியமாக வகுத்தார். ஒன்பது ஆண்டுகள் யாரிடமும் அதைக் காட்டாமல் காத்திருந்து, 1918இல் கபபிளாங்காவின் மீது ஏவினார்.

ஒரு நாள் கதையைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, ஒன்பது வருசம் காத்திருந்தும் அவர் தோத்துட்டாரே! அப்புறம் ஏன் அந்த ஆட்டத்துக்கு அவர் பேர வெச்சாங்க?" என்று கேட்டான்.

என்னிடம் உடனே விடை இல்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய ஆட்டப் பதிவுகளைப் புரட்டத் தொடங்கினேன். தேடத் தேட, நான் சொல்லி வந்த கதையே ஆட்டங்காணத் தொடங்கியது. அந்தத் தேடலில் கண்டவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இருவரும் அவர்களின் களமும்

பிராங்க் ஜேம்ஸ் மார்ஷல் 1877இல் நியூயார்க் நகரில் பிறந்தவர். துணிந்து தாக்கும் ஆட்டத்துக்குப் பெயர் போனவர். 1904இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்த போட்டியில், அன்றைய உலக வெற்றியாளர் இமானுவேல் லாஸ்கரையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பெற்றார். ஆனால் 1907இல் அதே லாஸ்கருடன் உலகப் பட்டத்துக்காக மோதியபோது ஓர் ஆட்டத்தைக்கூட அவரால் வெல்ல முடியவில்லை.

ஹோசே ராவுல் கபபிளாங்கா 1888இல் கியூபா நாட்டின் ஹவானா நகரில் பிறந்தவர். தந்தை ஆடுவதைப் பார்த்தே நான்காம் அகவையில் சதுரங்கம் கற்றுக்கொண்டவர் என்று இவரைப் பற்றிச் சொல்வார்கள். சிக்கலான நிலைகளையும் எளிய வழியில் அவிழ்த்துவிடும் ஆற்றல் இவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது.

1909இல் இருவரும் நேருக்கு நேர் மோதினர். அப்போது கபபிளாங்காவின் அகவை இருபது. பெரிய அனைத்துலகப் போட்டி எதிலும் அவர் கலந்துகொண்டதில்லை. மார்ஷலோ புகழ்பெற்ற ஆட்டக்காரர். முடிவு எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தியது. 23 ஆட்டங்களில் கபபிளாங்கா எட்டில் வென்றார். மார்ஷல் ஒன்றே ஒன்றில் வென்றார். எஞ்சிய 14 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன.

இப்படித் தோற்றவர் மனத்தில் வன்மம் வளர்வது இயற்கை என்று நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. 1911இல் ஸ்பெயின் நாட்டின் சான் செபாஸ்தியன் நகரில் முன்னணி ஆட்டக்காரர்களுக்கென ஒரு போட்டி ஏற்பாடாயிற்று. முன்பு பெரிய போட்டிகளில் பரிசு பெற்றவர்களே அதில் ஆடலாம் என்பது விதி. கபபிளாங்காவுக்கு விதிவிலக்கு அளிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் மார்ஷலும் ஒருவர். தம்மைத் தோற்கடித்தவருக்காகவே அவர் பரிந்து பேசினார்! அந்தப் போட்டியில் கபபிளாங்கா முதற்பரிசு பெற்றார். இரகசிய ஆயுதம் தீட்டிக்கொண்டு காத்திருந்த பகைவராக மார்ஷலை நான் மாணவர்களுக்குக் காட்டியது எவ்வளவு பிழை என்பதை இந்தச் செய்தியே எனக்கு உணர்த்தியது.

1918 அக்டோபர், நியூயார்க்

முதல் உலகப் போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்த நேரம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் சதுரங்கக் கழகம் நடத்திய போட்டியில் கபபிளாங்கா வெள்ளைக் காய்களுடனும் மார்ஷல் கறுப்புக் காய்களுடனும் அமர்ந்தனர். கபபிளாங்கா 1916 பிப்ரவரிக்குப் பின் எந்தப் போட்டி ஆட்டத்திலும் தோற்றிருக்கவில்லை. அந்தத் தோல்வியறியாத் தொடர் 1924 மார்ச்சில்தான், ரிச்சர்ட் ரெட்டியின் கையால், முடிவுக்கு வந்தது.

சதுரங்கத்தில் முதற்சில நகர்வுகளின் அமைப்பைத் 'திறப்பு' என்கிறோம். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. அன்று இருவரும் ஆடியது ருய் லோப்பஸ் திறப்பு. 1561இல் சதுரங்க நூல் எழுதிய ஸ்பானியப் பாதிரியாரின் பெயர் அது. இத்திறப்பில் இரு தரப்பும் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும். பின்னர் வெள்ளையின் குதிரை கறுப்பின் அந்தக் காலாளை மிரட்டும். கறுப்பின் குதிரை அதைக் காக்கும். வெள்ளையின் அமைச்சர் புறப்பட்டு வந்து, காக்கும் குதிரைக்கு நெருக்கடி கொடுக்கும்.

முதல் ஏழு நகர்வுகள் வழக்கம்போலவே சென்றன. இரு தரப்பும் கோட்டை கட்டிக்கொண்டன. எட்டாம் நகர்வில் கபபிளாங்கா தம் காலாளைச் சி3 கட்டத்துக்கு நகர்த்தி, நடுப்பகுதியைப் பிடிக்க ஆயத்தமானார். இத்தகைய நிலையில் கறுப்பு அடக்கமாக ஒரு காலாளை ஒரு கட்டம் மட்டும் முன்வைத்துத் தன் நடுக் காலாளைக் காத்துக்கொள்வதே அக்காலத்து வழக்கம்.

மார்ஷல் அப்படிச் செய்யவில்லை. அந்தக் காலாளை இரண்டு கட்டம் தள்ளி டி5இல் வைத்தார். "என் நடுக் காலாளை நீர் எடுத்துக்கொள்ளலாம்" என்னும் அழைப்பு அது.

எடுத்தால் என்ன கிடைக்கும்? வெள்ளைக்கு ஒரு காலாள் மிகுதி. என்ன இழப்பு? நேரம். காலாள்களும் குதிரைகளும் வெட்டுப்பட்டு முடியும்போது, வெள்ளையின் கோட்டை ஒன்று நடுப்பலகையில் தனித்து நிற்கும். அதை விரட்டியபடியே கறுப்பின் காய்கள் வெள்ளை அரசனை நோக்கிப் பாயும். வெள்ளையின் மற்றொரு கோட்டையும் குதிரையும் அமைச்சரும் பிறந்த இடத்திலேயே உறங்கிக்கொண்டிருக்கும். அரசனைக் காக்க ஆளிராது.

பின்னாளில் இவ்வாட்டத்துக்குத் தாமே விளக்கவுரை எழுதிய கபபிளாங்கா, அந்தக் கணத்தில் தம் மனம் என்ன நினைத்தது என்பதைப் பதிவு செய்திருக்கிறார். இது எதிராளி வீட்டில் அமர்ந்து ஆராய்ந்து வந்த வழி என்பதை அவர் உடனே உணர்ந்தார். காலாளை எடுத்தால் கடுந்தாக்குதல் வரும் என்பதும், அதன் ஒவ்வொரு கிளையும் எதிராளிக்குத் தெரிந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் தம் திறமைக்கு விடப்பட்ட அறைகூவலாகவே அதைக் கருதினார். ஏற்காமல் விலகுவது தமக்கு அழகன்று என்று முடிவு செய்தார். காலாளை எடுத்தார்.

புயலின் நடுவே

அடுத்து நிகழ்ந்தவற்றைப் பலகையில் காய்களை வைத்துப் பார்த்தால்தான் முழுச்சுவை கிடைக்கும். இயன்றவரை சொல்லால் சொல்கிறேன்.

மார்ஷலின் குதிரை ஜி4 கட்டத்துக்குப் பாய்ந்தது. அங்கே வெள்ளைக் காலாள் ஒன்று அதை எளிதாக வெட்டலாம். வெட்டினால் கறுப்பு அரசி வெள்ளை அரசனின் வாசலுக்கே வந்துவிடும். கபபிளாங்கா குதிரையைத் தொடவில்லை. தம் அரசியை எஃப்3இல் நிறுத்தினார். காக்கவும் தாக்கவும் ஏற்ற இடம் அது. கறுப்பு அரசி எப்படியும் வந்து நின்றது. இந்த நெருக்கடியில் கபபிளாங்கா செய்தது என்ன? பதற்றமின்றி ஒரு காலாளை டி4க்கு நகர்த்தினார். உறங்கிக்கொண்டிருந்த அமைச்சருக்குக் கதவு திறந்தது.

கறுப்புக் குதிரை எஃப்2இல் இருந்த காலாளை வெட்டியது. அரசியால் அந்தக் குதிரையை வெட்டியிருந்தால் மார்ஷலின் தாக்குதல் வலுப்பெற்றிருக்கும். கபபிளாங்கா அதையும் தவிர்த்துத் தம் கோட்டையை ஒரு கட்டம் முன்வைத்தார். மார்ஷல் தம் அமைச்சர் ஒன்றைப் பலி கொடுத்தார். மற்றோர் அமைச்சர் முற்றுகை வைத்தது. அரசி மூலைக்கட்டத்துக்கே இறங்கி மீண்டும் முற்றுகை வைத்தது. வெள்ளை அரசன் தன் கோட்டையை விட்டு வெளியேறி, பலகையின் நடுவே ஒவ்வோர் அடியாக நடந்து மறுபுறத்துக்குச் சென்றது. 24ஆம் நகர்வில் அது அங்கே அடைக்கலம் புகுந்தபோது கணக்கெடுத்துப் பார்த்தால், கறுப்புக்கு ஒரு கோட்டை மிகுதி. வெள்ளைக்கு அதற்கு ஈடாக ஓர் அமைச்சரும் ஒரு குதிரையும் மிகுதி. கறுப்பின் தாக்குதலோ ஓய்ந்துவிட்டது.

அதன்பின் ஆட்டம் முழுவதும் கபபிளாங்காவின் கைக்கு மாறியது. தம் காலாள்களை முன்னேற்றி மறுபுறத்தில் வழி திறந்தார். ஒரு காலாள் பி7 வரை சென்று அரசியாக உயர ஒரே அடி எஞ்சியிருக்க, 36ஆம் நகர்வில் வெள்ளை அமைச்சர் கறுப்பரசனின் காவலைத் தகர்த்து முற்றுகை வைத்தது. சில நகர்வுகளில் இறுதி முற்றுகை உறுதி. ஆட்டம் முடிந்தது. அந்தப் போட்டியிலும் கபபிளாங்காவே முதலிடம் பெற்றார்.

கதையும் பதிவும்

இனி அந்த ஒன்பது ஆண்டுக் கதைக்கு வருவோம்.

முதலாவதாக, 1917ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் வால்டர் ஃபிரியர் என்பவருக்கு எதிராக மார்ஷல் இதே டி5 தாக்குதலை ஆடியிருக்கிறார். அந்த ஆட்டத்தின் பதிவு இன்றும் கிடைக்கிறது. கபபிளாங்காவுக்கென்றே பூட்டி வைத்த இரகசியம் என்றால், ஓராண்டுக்கு முன்பே வேறொருவர் முன்னிலையில் அதைத் திறந்து காட்டியிருக்க மாட்டார்.

இரண்டாவதாக, 1909க்கும் 1918க்கும் இடையே இருவரும் சந்திக்காமல் இல்லை. சான் செபாஸ்தியன், நியூயார்க், ஹவானா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப் பல ஊர்ப் போட்டிகளில் மோதியிருக்கிறார்கள். 1913இல் ஹவானாவில், கபபிளாங்கா பிறந்த மண்ணிலேயே, மார்ஷல் அவரை ஓர் ஆட்டத்தில் வென்றார். போட்டியின் முதற்பரிசையும் தட்டிச் சென்றார். அந்த வெற்றிக்கு இந்தத் தாக்குதல் தேவைப்படவில்லை.

மூன்றாவதாக, இந்தக் கருத்தே முற்றிலும் புதியதன்று. 1893இல் வால்பிராட் என்னும் ஜெர்மானிய ஆட்டக்காரர் ஹவானாவுக்குச் சென்று, கியூபா ஆட்டக்காரர்கள் சிலர் கூடி ஆடிய அணியுடன் ஓர் ஆட்டம் ஆடினார். நகர்வு வரிசை வேறாக இருந்தாலும் இதையொத்த நிலை அதில் தோன்றியது. அப்போது அதே ஹவானாவில் கபபிளாங்கா ஐந்து அகவையும் நிரம்பாத சிறுவன்!

ஆக, மார்ஷல் இதை வீட்டில் ஆராய்ந்து வைத்திருந்தார் என்பது உண்மையாகலாம். கபபிளாங்காவே அப்படித்தான் உணர்ந்தார். ஆனால் ஒன்பது ஆண்டுத் தவம் என்பதைப் பதிவுகள் தாங்கவில்லை. கதை அழகாக இருக்கிறது என்பதற்காகவே நான் அதை நம்பியிருந்தேன். எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது.

தோல்விக்குப் பின்

மாணவன் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. தோற்றவர் பெயர் ஏன் நிலைத்தது?

அந்த ஆட்டத்தில் தோற்றவர் மார்ஷல். அவருடைய கருத்து தோற்கவில்லை. காலாளைப் பலி கொடுத்தபின் அவர் தம் குதிரையைப் பின்வாங்கி ஜி4 வழியாக அனுப்பினார். பிற்காலத்து ஆட்டக்காரர்கள் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றினர். குதிரையை நடுப்பலகையில் டி5இலேயே விட்டுவிட்டு, சி6இல் ஒரு காலாளை வைத்து அதைத் தாங்கினர். இந்தச் சிறு திருத்தத்தால் கறுப்பின் தாக்குதல் அவசரமற்றதாகவும் நீடித்து நிற்பதாகவும் மாறியது. 1965இல் உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றின் இறுதியில், தாக்குதல் ஆட்டத்தின் மன்னன் என்று புகழப்பட்ட மிகாயில் தாலுக்கு எதிராக, போரிஸ் ஸ்பாஸ்கி இதைக் கறுப்பின் கேடயமாகவே பயன்படுத்தினார். ஸ்பாஸ்கி அச்சுற்றில் வென்றார்.

பின்வந்த காலத்தில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர், இத்தாக்குதலைச் சந்திக்க விரும்பாமல் எட்டாம் நகர்விலேயே வேறு வழியில் திரும்பிவிடுவது வழக்கமாயிற்று. அவ்வழிகளுக்கே 'மார்ஷல் எதிர்ப்பு' என்று பொதுப்பெயர் வந்துவிட்டது. முதற்புகழ் ஆட்டத்தில் தோற்ற ஒரு கருத்துக்கு இதைவிடப் பெரிய மதிப்பு வேறு என்ன கிடைக்கும்?

இதே திறப்பில் நிகழ்ந்த இன்னோர் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2004இல் சுவிட்சர்லாந்தின் பிரிசாகோ நகரில் ரஷ்யாவின் விளாடிமிர் கிராம்னிக், ஹங்கேரியின் பீட்டர் லெக்கோ ஆகிய இருவரும் உலகப் பட்டத்துக்காக ஆடினர். எட்டாம் ஆட்டத்தில் லெக்கோ மார்ஷல் தாக்குதலைத் தொடுத்தார். இம்முறை வீட்டில் ஆராய்ந்து வந்தவர் வெள்ளைக்காரராகிய கிராம்னிக். அவருடைய அணியினர் கணினித் துணையோடு ஒரு வழியை வகுத்துத் தந்திருந்தனர். கிராம்னிக் தம் அரசியையே ஒரு கோட்டைக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு, ஓரத்துக் காலாள் அரசியாகிவிடும் என்று நம்பிச் சென்றார். லெக்கோ பலகையின் முன் அமர்ந்து நெடுநேரம் சிந்தித்தார். 25ஆம் நகர்வில் தம் அரசியை டி3இல் வைத்தார். அந்த ஒரு நகர்வில் கிராம்னிக்கின் ஆயத்தம் முழுவதும் சரிந்தது. கணினியின் ஆராய்ச்சியில் அது போதிய அளவு எடைபோடப்படாமல் விடுபட்டிருந்தது. 32 நகர்வுகளில் லெக்கோ வென்றார். ஆயினும் கிராம்னிக் கடைசி ஆட்டத்தில் வென்று 7-7 என்னும் சமநிலையில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

1918இல் ஆயத்தத்தோடு வந்தவர் கறுப்பு. பலகையில் சிந்தித்து வென்றவர் வெள்ளை. 2004இல் ஆயத்தத்தோடு வந்தவர் வெள்ளை. பலகையில் சிந்தித்து வென்றவர் கறுப்பு. அதே திறப்பு, இடையே 86 ஆண்டுகள்.

மாணவர்களிடம் சொன்னது

அடுத்த வாரம் கழக நேரத்தில் முதல் வேலையாக என் பழைய கதையைத் திருத்தினேன். "இதுவரை ஐயா சொன்னதில் ஒரு பகுதி பிழை" என்று சொல்லிவிட்டுத்தான் பலகையை விரித்தேன். பிள்ளைகள் சற்று வியப்போடு பார்த்தார்கள். ஆசிரியர் ஒருவர் தம் பிழையைத் தாமே சொல்வது அவர்களுக்குப் புதிது போலும்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். நம் மாணவர்கள் திறப்புகளை மனனம் செய்து வருகிறார்கள். எதிராளி ஐந்தாம் நகர்வில் ஏட்டில் இல்லாத ஒன்றைச் செய்துவிட்டால் திகைத்துப் போகிறார்கள். தேர்வுத் தாளில் பயிற்சி நூலில் இல்லாத கேள்வி வந்தால் திகைப்பதும் இதே நோய்தான். அவர்களுக்குக் கபபிளாங்காவின் அந்த டி4 நகர்வைக் காட்டினேன். முன்பின் அறியாத புயலில், தெரிந்த அடிப்படை ஒன்றை அவர் பற்றிக்கொண்டார்: உறங்கும் காயை எழுப்பு.

அதற்காக ஏட்டுப் படிப்பே வீண் என்றும் நான் சொல்லவில்லை. மார்ஷலின் சுரைக்காய் அன்று ஒரு நாள் கறிக்கு உதவவில்லை. அதன் விதையிலிருந்து வந்த கொடி நூறாண்டு கடந்தும் காய்க்கிறது. அவர் அதை ஒளித்து வைத்ததால் அது நடக்கவில்லை. பலரும் பார்க்க ஆடினார், தோற்றார், பதிவும் எஞ்சியது. அந்தப் பதிவில் எங்கே பிழை என்று மற்றவர்கள் தேடிக் கண்டார்கள்.

இறுதியாக, கேள்வி கேட்ட மாணவனிடமே ஆட்டத்தை ஆடிக் காட்டச் சொன்னேன். கறுப்புப் பக்கம் அமர்ந்து மார்ஷலின் குதிரையை ஜி4க்கு நகர்த்தியவன், சற்று நின்று, "இங்க விடாம இருந்திருந்தா, ஐயா?" என்றான். அன்றைய கழக நேரம் அந்தக் கேள்வியிலேயே கழிந்தது.

இப்போதெல்லாம் நான் ஒன்பது ஆண்டுக் கதையைச் சொல்வதில்லை. கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் முதல் சான் செபாஸ்தியன் வரை மார்ஷலின் உண்மை வாழ்க்கையைச் சொல்கிறேன். பிள்ளைகள் முன்னைவிடக் கூடுதலாகவே கேள்வி கேட்கிறார்கள்.